தொர்தோன் துரை

துரையை அடையாளம் கண்டுகொள்ளத் தொப்பியைப் பார்க்க வேண்டாம். வெயிலில் வெந்து சிவந்த மூக்கையும் பார்க்க வேண்டாம். கக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு ஃபைல் இருக்கும்.

தென்மேற்குப் பிரான்ஸில் தொர்தோன் என்று ஒரு மாவட்டம். அதில் எய்மே என்று ஒரு சிற்றூர். வியாழக்கிழமைதோறும் அங்கே சந்தை கூடும். நாலு பீச் பழமும் ஒரு நீள ரொட்டியும் வாங்க வரும்போதுகூடத் துரை ஃபைலை வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை. யார், எப்போது, எந்தக் காகிதத்தைக் கேட்பார்கள் என்று யார் கண்டது? பிறப்புச் சான்றிதழ், அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பின் ஜெராக்ஸ், திருமணச் சான்றிதழ், மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டண ரசீது, ஓய்வூதியக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், புகைப்படங்கள் நான்கு. புகைப்படங்களில் துரை சிரிக்கவில்லை. பிரெஞ்சு அரசு சிரித்த முகத்தை ஏற்றுக்கொள்வதில்லை.

பிரான்ஸில் சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டிஷார் வசிக்கிறார்கள். எல்லாரும் துரை ஆகிவிட முடியாது. பாரிஸில் வேலை பார்க்கும் இளைஞருக்கு அதற்கு நேரமில்லை. துரை என்றால் அறுபத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் நாற்பது வருஷம் உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்த செங்கல் வீட்டை விற்று இங்கே ஒரு கல் வீடும், பக்கத்தில் இடிந்த களஞ்சியமும் வாங்கியிருக்க வேண்டும். களஞ்சியத்தை என்றாவது ஒருநாள் விருந்தினர் விடுதியாக மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பூமி ஒரு காலத்தில் அவர்கள் ஆண்டதுதான். 1152இல் அக்விதேன் சீமாட்டி எலினோர், பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஹென்றியை மணந்தபோது இந்தப் பகுதியும் சீதனமாகப் போயிற்று. 1453இல் தொர்தோன் ஆற்றங்கரையில் காஸ்தியோன் போரில் தோற்று, ஆங்கிலேயர் மூட்டை கட்டினார்கள். ஐந்நூறு ஆண்டு பொறுத்திருந்துவிட்டு இப்போது வீடு வீடாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை வில்லும் இல்லை, அம்பும் இல்லை. வீட்டு விலை, அதற்குமேல் ஏழெட்டு சதவீதம் பத்திரச் செலவு, அவ்வளவுதான்.

பீட்டர் மெய்ல் 1989இல் எழுதிய 'எ இயர் இன் புரோவான்ஸ்' புத்தகம் பல துரைமார்களைக் கிளப்பிவிட்டது. புரோவான்ஸ் விலையைக் கேட்டுத் தலைசுற்றியவர்கள் தொர்தோன் பக்கம் வந்தார்கள். பெர்ஜெராக் நகருக்கு மலிவு விமானம் வந்ததும் வரத்து கூடியது. வெயில், ஒயின், திராட்சைக் கொடி, நிம்மதி என்று முதல் இரண்டு மாதம் சொர்க்கமாகப் போகும். மூன்றாவது மாதம் துரைக்குப் போரடிக்கும். வெயிலை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? அப்போதுதான் பிரெஞ்சு அரசிடமிருந்து முதல் கடிதம் வருகிறது. துரையின் இரண்டாவது உத்தியோகம் அன்று ஆரம்பம்.

பிள்ளையார் சுழி பெரும்பாலும் செப்டிக் டேங்கில் விழும். பாதாளச் சாக்கடை எட்டாத கிராமம். கழிவுநீர்த் தொட்டிகளைச் சோதிப்பதற்கென்றே அங்கே ஸ்பாங்க் என்று ஒரு பொதுச் சேவை உண்டு. வீட்டை விற்பவர் மூன்றாண்டுக்கு உட்பட்ட ஸ்பாங்க் அறிக்கையைக் காட்ட வேண்டும். தொட்டி விதிப்படி இல்லையென்றால் வாங்கியவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். வாங்கும்போது துரைசானி விட்டத்து மரங்களையும் கணப்படுப்பையும் பார்த்துச் சொக்கிப்போயிருந்தார். தரைக்குக் கீழே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இப்போது துரைமார் ஒன்றுகூடினால், மேசைமேல் பெர்ஜெராக் ஒயினும் வாத்து ஈரலும் இருக்கும், மேற்கே சூரியன் பொன்னாக இறங்கிக்கொண்டிருக்கும், பேச்சு மட்டும் தொட்டியைப் பற்றி. நம்மூர்க் கல்யாணப் பந்தியில் இரண்டு பெரியவர்கள் சர்க்கரை அளவை ஒப்பிட்டுக்கொள்வது போல, "உங்களுடையது மணல் வடிகட்டியா?" என்று ஒருவர் கேட்பார். "இல்லை, நுண்ணுயிர்த் தொட்டி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வண்டி வந்து உறிஞ்சினால் போதும்" என்று மற்றவர் பெருமையோடு சொல்வார். துரைசானிகள் ஆலிவ் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள்.

அடுத்தது பிறப்பு. தான் பிறந்துவிட்டதாகத் துரை அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். அலுவலகத்து அம்மணி சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார்.

"முசே, இது 1955இல் கொடுத்தது. மூன்று மாதத்துக்கு உட்பட்டது வேண்டும்."

"மதாம், நான் பிறந்ததே 1955இல்தான்."

"அது சரி, முசே. சான்றிதழ் புதிதாக இருக்க வேண்டும். இதில் உங்கள் அப்பா அம்மா பெயரும் இல்லை."

பிரெஞ்சுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒருவருடைய திருமணம், மணமுறிவு எல்லாவற்றையும் பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுதிக்கொண்டே போவார்கள். ஆகவே பிரான்ஸில் பிறப்பு என்பது ஆயுள் முழுக்க நடந்துகொண்டிருக்கும் சமாசாரம். இங்கிலாந்தில் ஒருமுறை பிறந்தால் முடிந்தது; எத்தனை முறை நகல் எடுத்தாலும் அதே வரிகள்தான் வரும். இருந்தும் துரை இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பி, பெற்றோர் பெயர் உள்ள நீளமான நகலை வரவழைத்து, நீதிமன்றத்தில் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அவருக்கும் கூலி கொடுத்து, இரண்டு மாதம் இருபத்தைந்து நாள் ஆனபோது மூச்சிரைக்க ஒப்படைத்தார். அன்று அவர் பிரெஞ்சு நிர்வாகத்தைத் திட்டிய திட்டு அச்சுக்கு ஆகாது. இன்று யாராவது புதிதாக வந்தவர் அதே குறையைச் சொன்னால் துரை புன்னகைக்கிறார். "யோசித்துப் பார்த்தால் அவர்கள் முறைதான் சரி" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் விளக்குகிறார். வந்தவர் மூன்று மாதக் கெடு தாண்டும்வரை அங்கிருந்து நகர முடிவதில்லை.

சமூகக் காப்பீட்டு எண் கிடைத்த நாளைத் துரை பிறந்தநாளுக்கு மேலாகக் கொண்டாடுகிறார். பதினைந்து இலக்கம். முதலில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. பிறகு பிறந்த ஆண்டு, மாதம், மாவட்டம். பிரான்ஸுக்கு வெளியே பிறந்தவர் எல்லாருக்கும் மாவட்டம் 99. அதற்கடுத்து நாட்டு எண்: பிரிட்டனுக்கு 132, இந்தியாவுக்கு 223. ஒரு காலத்தில் உலகப் படத்தில் கால்வாசிக்குச் சிவப்பு வண்ணம் அடித்தவரும், போன மாதம் புதுச்சேரியிலிருந்து போய் இறங்கிய பையனும் ஒரே 99இல் அடக்கம். துரைக்கு இதில் வருத்தம் இல்லை. எண் இருந்தால் பச்சை வண்ண மருத்துவ அட்டை வரும். அட்டை வந்தால் மருத்துவரிடம் கொடுக்கும் 30 யூரோவில் பெரும்பகுதி கணக்குக்குத் திரும்பி வரும். ஓய்வூதியருக்கு எஸ்1 என்ற படிவத்தின் பேரில் அந்தச் செலவைப் பிரிட்டன் ஏற்றுக்கொள்கிறது. எஸ்1 என்று சொல்லும்போது துரையின் குரல் தணிந்துவிடும். கோவிலுக்குள் பேசுவது மாதிரி.

துரைசானிக்கு மட்டும் ஒரு சங்கடம். பிரெஞ்சு ஏடுகளில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் நிலையானது. நாற்பத்திரண்டு வருஷம் திருமதி இன்னார் என்று வாழ்ந்தவரை, மருத்துவமனைக் கூடத்தில் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள். முதல் தடவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முறை போயிற்று. இப்போது பழகிவிட்டது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் வயது குறைந்தது போலிருக்கிறதாம். துரை இதைக் கேட்டு முகம் சுளிக்கிறார். ஆனால் படிவத்தில் தவறு இல்லை என்பதால் மேற்கொண்டு ஒன்றும் சொல்வதில்லை.

துரையின் நாள் பவுண்டு விலையில் விடிகிறது. ஓய்வூதியம் பவுண்டில் வருகிறது, ரொட்டி யூரோவில் விற்கிறது. இரண்டுக்கும் நடுவில் துரை. 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு பவுண்டுக்கு 1.60 யூரோ கிடைத்தது. வந்து இறங்கிய துரைமார் எதற்கும் விலை கேட்கவில்லை. 2008 கடைசியில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் நடத்திய 2016 வாக்கெடுப்புக்குப் பின் பெரும்பாலும் 1.10க்கும் 1.20க்கும் நடுவில் ஊசலாடுகிறது. விலை பார்த்த பிறகுதான் துரை காப்பி குடிப்பார். ஏறியிருந்தால் சந்தையில் ஆட்டுப்பால் சீஸ்; இறங்கியிருந்தால் மலிவு அங்காடியில் வெட்டிய துண்டு.

ஆனால் பவுண்டு அவருக்குச் செய்ததைவிடப் பெரிய துரோகத்தை லண்டன் செய்தது. பிரிட்டனில் முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவில் குடியேறியவர்களுக்கும் அது வந்துகொண்டிருந்தது. வெயில் காயும் நாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு விறகுக் காசு எதற்கு என்று ஊரில் முணுமுணுப்பு எழவே, அரசு ஒரு வெப்பநிலைச் சோதனை வைத்தது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைவிடக் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நாடுகளுக்கு 2015 குளிர்காலம் முதல் உதவி இல்லை. ஸ்பெயின் போயிற்று, கிரீஸ் போயிற்று, சரி. பிரான்ஸும் போயிற்று. தொர்தோனில் ஜனவரி காலையில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். அந்த நாடு எப்படி வெதுவெதுப்பானது? கணக்கில் பிரான்ஸின் கடல்கடந்த மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். குவாதலூப், மார்த்தினீக், பிரெஞ்சு கயானா, ரீயூனியன். அங்கே டிசம்பரில் மின்விசிறி சுற்றுகிறது. சராசரி ஏறிவிட்டது.

ரீயூனியனைப் பற்றி நமக்குத் தெரியாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டப் போன தீவு. இன்றும் அங்கே தீமிதி நடக்கிறது. நம் முப்பாட்டன்மார் முதுகில் அடித்த அந்த வெயிலைக் கொண்டுவந்து கணக்கில் சேர்த்து, லண்டன் அரசு துரையின் விறகுக் காசைப் பிடுங்கிவிட்டது. சரித்திரம் எப்போதாவது இப்படிக் கண்ணடிப்பது உண்டு. துரை இதைப் பற்றித் தன் தொகுதி எம்.பி.க்கு எழுதினார். வெளிநாட்டில் வசிப்பவருடைய கோரிக்கையில் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று பணிவான பதில் வந்தது. அதுவும் ஃபைலில் இருக்கிறது, தனி உறையில்.

ஒரு விஷயத்தில் அவர் பாக்கியவான். பிரான்ஸில் வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு ஊரில் இருப்பவரைப் போலவே ஆண்டுதோறும் தொகை உயர்கிறது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நம் இந்தியாவிலோ குடியிருந்தால் வந்த நாளின் தொகையிலேயே உறைந்துவிடும். உயர்வதற்கு ஒரே நிபந்தனை, துரை உயிரோடிருக்க வேண்டும். அதை நிரூபிக்க அவ்வப்போது ஒரு படிவம் வரும். சாட்சி வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க நம் ஊரில் கருவூல வாசலில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி சாதி. தொர்தோன் துரைமாரிடையே மூன்று சாதிகள் உண்டு. பிறப்பால் அல்ல, தேதியால் வந்தவை. 2020 டிசம்பர் 31க்குள் குடியேறியவர்கள் மேல்சாதி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது செய்த ஒப்பந்தத்தின்படி இவர்களுக்குத் தனி வசிப்பிட அட்டை. பழைய உரிமைகள் அப்படியே. அதற்குப் பின் வந்தவர்கள் நடுச்சாதி: நீண்டகால விசா, போதிய வருமானம் இருப்பதாக ஆதாரம், ஆண்டுதோறும் புதுப்பிப்பு. கடைசிச் சாதியினர் தொண்ணூறு நாள்காரர்கள். இங்கிலாந்தில் குடியிருந்துகொண்டு இங்கே விடுமுறை வீடு வைத்திருப்பவர்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. சொந்த வீடு, சொந்தத் தொட்டி, சொந்த நீச்சல் குளம். தொண்ணூற்றோராம் நாள் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். முன்பெல்லாம் பாஸ்போர்ட்டில் முத்திரை மங்கலாக விழுந்தால் ஒரு நம்பிக்கை இருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். கணினிக்கு மங்கல் கிடையாது.

மேல்சாதித் துரை தொண்ணூறு நாள்காரரைச் சந்திக்கும் காட்சி பார்க்கத் தகுந்தது. "இன்னும் எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்பார். குரலில் அனுதாபம் இருக்கும். சட்டைப் பையில் அட்டையின் விளிம்பு லேசாகத் தெரியும்.

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் துரை எந்தப் பக்கம் வாக்களித்தார்? பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அப்போது வாக்கு கிடையாது. யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் துரை தாம் குடியேறிய வருஷத்தை அந்தக் கணக்குக்குத் தோதாகச் சொல்வார். 2024 ஜனவரியில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அவர் பழைய வருஷத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் பிரிட்டன் விலகியதோடு பிரெஞ்சு உள்ளாட்சியில் இருந்த வாக்கு போயிற்று. கிராம மன்றங்களில் உறுப்பினராக இருந்த நூற்றுக்கணக்கான பிரிட்டிஷார் 2020 தேர்தலில் நிற்க முடியாமல் வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் சிலர் கிராமத்துக்கு உண்மையாகவே உழைத்தவர்கள். இதை நான் நையாண்டி செய்ய விரும்பவில்லை.

மற்றவர்களுக்கு மே மாதம் வசந்தம். துரைக்கு வரிக் கணக்கு. 2042 பிரதான படிவம், 2047 வெளிநாட்டு வருமானம், 3916 வெளிநாட்டு வங்கிக் கணக்குகள். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்தாலும் இந்த எண்கள் மறக்காது. வாசலில் அண்டை அயல் துரைமார் வரிசையில் நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: என் ஓய்வூதியத்துக்கு எங்கே வரி? இங்கிலாந்தில் காவல் துறையிலோ ராணுவத்திலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்திருந்தால் அந்த ஓய்வூதியத்துக்கு இங்கிலாந்திலேயே வரி. தனியார் கம்பெனி ஓய்வூதியத்துக்கும் பிரிட்டிஷ் அரசு எல்லாருக்கும் தரும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் பிரான்ஸில் வரி. இரு நாடுகளும் 2008இல் செய்துகொண்ட ஒப்பந்தம். ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் ஓய்வுபெற்ற சோப்புக் கம்பெனி மேலாளரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு வெவ்வேறு கஜானாவுக்குக் கப்பம் கட்டுவது இப்படித்தான்.

அழுகை ஐசாவில் வரும். ஐசா என்பது பிரிட்டனில் வட்டிக்கும் லாபத்துக்கும் வரியில்லாத சேமிப்புக் கணக்கு. பிரான்ஸுக்கு அது என்னவென்றே தெரியாது. வட்டி வந்ததா, வரி கட்டு. "ஆனால் இது வரியில்லாதது!" என்று புதியவர் பதறுவார். "அங்கே" என்று துரை ஒரே சொல்லில் முடிப்பார். பிறகு, மறந்துபோன கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று துருவுவார். அறிவிக்காத ஒவ்வொரு வெளிநாட்டுக் கணக்குக்கும் 1,500 யூரோ அபராதம். பல வருஷத்துக்கு முன் ஒரு பவுண்டு போட்டுத் திறந்து மறந்த கணக்கு ஒன்று பெரும்பாலும் எல்லாரிடமும் இருக்கும். அதை வெளியே கொண்டுவருவதில் துரைக்கு ஒரு பல் வைத்தியரின் ஆனந்தம்.

சொத்துரிமையிலும் அவர் புலி. 1804 நெப்போலியன் சட்டம் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு எழுதும் உயிலை அனுமதிப்பதில்லை. 2015இல் வந்த ஐரோப்பிய விதி, வேண்டுமானால் உன் நாட்டுச் சட்டப்படி எழுதிக்கொள் என்றது. துரைமார் விருந்து வைத்தார்கள். 2021இல் பிரான்ஸ் இன்னொரு சட்டம் போட்டு, ஒதுக்கப்பட்ட பிள்ளை பிரான்ஸில் உள்ள சொத்திலிருந்து தன் பங்கைக் கேட்கலாம் என்றது. விருந்து செரிக்கவில்லை. மனைவிக்குப் போவதற்கு வரியில்லை; சொந்தப் பிள்ளைக்கு ஒரு லட்சம் யூரோ வரை வரியில்லை; மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு எழுதினால், சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியர், ஏறக்குறைய முழுத் தொகைக்கும் 60 சதவீதம். இதையெல்லாம் கைத்துடைப்புக் காகிதத்தில் படம் போட்டு விளக்கும் துரைக்கு முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவர், துரைசானி கூட்டிவந்த மகள் ஒருத்தி. அவருடைய உயில்? வரைவு தயார், கையெழுத்து மட்டும் பாக்கி. சட்டம் இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்கிறார். பிள்ளைகளைக் கேட்டால் வீடும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், அந்த ஃபைல் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள்.

பிரெஞ்சு மொழி துரைக்கு வருமா? வரும், ஆனால் அரசாணை நடையில் மட்டும். மேல்முறையீடு, சான்றொப்பம், பிரமாண வாக்குமூலம், காலாவதி எல்லாம் தடங்கலின்றி வரும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்பது வயது விவசாயி "தக்காளியில் பூச்சி விழுந்திருக்கிறது" என்றால் முழிப்பார். குடியுரிமை வாங்கலாமா என்று ஒரு சமயம் ஆசை வந்தது. 2026 ஜனவரி முதல் அதற்கு பி2 நிலை மொழித்தேர்வு. வயதானவருக்கு முன்பிருந்த விலக்கும் போய்விட்டது. ஆசை அடங்கியது.

அந்த விவசாயியே ஒருநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு துரையின் வாசலுக்கு வந்தார். 2023இல் பிரான்ஸ் அரசு, வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் குடியிருப்பவர் யார் என்று இணையத்தில் அறிவிக்க வேண்டும் என்றது. பரம்பரையாக அதே வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கடிதம் புரியவில்லை. துரை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணினியைத் திறந்து, ஒரு பிரெஞ்சுக்காரர் தம் சொந்த வீட்டில்தான் குடியிருக்கிறார் என்பதைப் பிரெஞ்சு அரசுக்குத் தெரிவித்துக்கொண்டார். விவசாயி ஒரு கூடை தக்காளி கொடுத்தார், பூச்சியோடு.

மகள் போனில், ஊருக்கே திரும்பி வந்துவிடுங்கள் அப்பா, எவ்வளவு நாள் இந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டுவீர்கள் என்கிறாள். துரை வரமாட்டார். அங்கே மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. கேட்காத ஊரில் அவர் வெறும் கிழவர்.

2021இல் வழங்கிய ஐந்தாண்டு அட்டைகள் 2026இல் காலாவதியாகின்றன. அவற்றைக் கொடுத்துப் பத்தாண்டு அட்டை வாங்க வேண்டும். துரை எல்லாவற்றிலும் மூன்று மூன்று நகல் எடுத்துத் தயாராக இருக்கிறார். உதவி தேவைப்படுவோர் நேரில் போகலாம். கட்டணம் கிடையாது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை சாப்பாட்டு நேரம். துரையும் இப்போது கதவைத் திறப்பதில்லை.